வீட்டுக் கணினியைக் காக்கும் முறை

அங்கத்தினர் பலர் தறிக் கணக்கையும் விளைச்சல் கணக்கையும் இன்று வீட்டுக் கணினியிலேயே வைத்து வருகின்றனர். அக்கணக்கு அழிந்தால் நஷ்டம் நம்முடையதே. ஆதலின் கணினியைத் தாக்கும் தீநிரல்களைப் பற்றி அறிந்திருத்தல் அவசியம்.

2017 மே 12 அன்று 'வான்னாகிரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிற்று. அது கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தில் பல மருத்துவமனைகளின் பணிகள் தடைப்பட்டன. இதில் கவனிக்கத்தக்கது யாதெனில், அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது! திருத்தத்தை ஏற்ற கணினிகளுள் அவ்வழியே அது புக இயலவில்லை. நாளை பார்க்கலாமென்று விடப்பட்டவையே சிக்கின.

ஆகவே, முதலாவதாக, புதுப்பிப்பு வந்ததும் ஏற்றுக்கொள்க. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றதையும் நினைவிற் கொள்க.

இரண்டாவதாக, விண்டோஸுடன் வரும் 'டிபென்டர்' காவல் நிரலை நிறுத்தாதீர். இரண்டு காவல் நிரல்களை ஒருங்கே இயக்கினால் ஒன்றோடொன்று முரண்பட்டுக் கணினி மந்தமாகும். பயன்படாத நிரல்களை நீக்கினால் வேகம் கூடும்.

மூன்றாவதாக, வாரந்தோறும் கணக்கைத் தனி வட்டில் நகலெடுத்து, உடனே அவ்வட்டைக் கழற்றி வைக்க வேண்டும். இணைத்தபடி விட்டால் தீநிரல் நகலையும் பூட்டிவிடும்.

பூட்டியவனுக்குப் பணம் கொடுத்தாலும் கோப்பு திரும்புமென்ற உறுதியில்லை. கழற்றி வைத்த நகலோ கைவிடாது.