தராசுக்கு லோட் செல், கிதாருக்கு பிக்கப்

மளிகைக்கும் கிதாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

சென்ற கார்த்திகை மாதம், குன்னூரில் உள்ள நம் மண்டியில் கணக்கு எழுதும் தம்பி தயங்கியபடி வந்து நின்றான். கிறிஸ்துமஸுக்கு தேவாலயத்தில் வாசிக்கப் புது எலக்ட்ரிக் கிதார் வாங்க வேண்டுமாம். 40,000 ரூபாய் முன்பணம் கேட்டான். சம்பளத்தில் பிடித்தால் அடைக்க ஒன்றரை வருடம் ஆகும். தங்கையின் கல்லூரிக் கட்டணமும் அவன் தலையில்தான் இருந்தது.

"இருக்கிற கிதாருக்கு என்னப்பா குறை?" என்றோம். "ஒரே இரைச்சல் முதலாளி. சத்தத்தில் உயிரே இல்லை. பழசை 3,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாக ஒருவர் சொல்கிறார்" என்றான். பொருளை அறியாமல் விலை பேசக்கூடாது என்பது நம் தொழில் பாடம். எனவே விவரம் தெரிந்தவர்களிடம் விசாரித்தோம். அறிந்ததை இங்கே தருகிறோம்.

பிக்கப் என்றால் என்ன?

நம் கடை மின்னணுத் தராசில் லோட் செல் என்ற உறுப்பு, எடையை மின்சாரக் குறிப்பாக மாற்றுகிறது. எலக்ட்ரிக் கிதாரில் அதே வேலையைச் செய்வது பிக்கப். சிறு காந்தங்களைச் சுற்றி, தலைமுடியைப் போன்ற மெல்லிய செப்புக் கம்பியை ஏழெட்டாயிரம் சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து, கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. அதை ஆம்ப் பெரிதாக்கி ஒலிக்கச் செய்கிறது. லோட் செல் கெட்டால் தராசையே தூக்கி எறிகிறோமா? உறுப்பை மாற்றி, முத்திரை வாங்கி, வியாபாரத்தைத் தொடர்கிறோம். கிதாருக்கும் அதே நியாயம்தான்.

கன்ட்ரி வாசிப்பவர்களின் கருவி

தம்பிக்குப் பிடித்தது அமெரிக்கக் கன்ட்ரி இசை. நம் மலைக்கு அது புதிதல்ல. ஜிம் ரீவ்ஸ் இசைத்தட்டுகள் இங்கே ஒலித்ததை நம் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த இசைக்குப் பேர்போன கிதார் டெலிகாஸ்டர். அதைச் செய்த லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவில் ரேடியோ பழுது பார்க்கும் கடை நடத்தியவர். அவருக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது. ஆனால் வாடிக்கையாளர் சொல்லும் குறையைக் காது கொடுத்துக் கேட்பார். 1950-ல் பிராட்காஸ்டர் என்று பெயரிட்டு விற்றார். கிரெட்ஷ் நிறுவனத்தின் டிரம்முக்கு ஏற்கெனவே அந்தப் பெயர் இருந்ததால், 1951-ல் டெலிகாஸ்டர் என்று மாற்றினார். பெயர்ப் பலகை எழுதுமுன் விசாரிக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அதன் பின்புறப் பிக்கப் சாய்வாக அமைந்து, அடியில் உலோகத் தகடு கொண்டது. கன்ட்ரிக்கு வேண்டிய கணீர் ஒலி அங்கிருந்துதான் வருகிறது. ஜேம்ஸ் பர்ட்டன், பக் ஓவன்ஸ், டான் ரிச் போன்றோர் இதைக் கொண்டே பேர் வாங்கினர். இதனுடன் ஒரு வால்வு ஆம்ப், ஒலியைச் சமன் செய்யும் கம்ப்ரசர், சிறிது எதிரொலி. இவ்வளவுதான் சாமான்.

இரைச்சலும் மருந்தும்

ஒற்றைச் சுருள் பிக்கப், நம் 50 சைக்கிள் மின்சாரத்தின் ரீங்காரத்தையும் சேர்த்தே பிடித்துவிடும். 1955-ல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் இதற்கு வழி கண்டார். இரு சுருள்களை எதிரெதிராக அமைத்து, இரைச்சலை இரைச்சலாலேயே அடித்தார். அதுதான் ஹம்பக்கர். ஒற்றைச் சுருள் இருந்த குழியிலேயே பொருந்தும் இரட்டைச் சுருள் பிக்கப்புகளும் இப்போது வருகின்றன. ஆனால் கணீர் ஓசை சற்றுக் குறையலாம். கேட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.

செலவை வரிசையாகச் செய்ய வேண்டும். முதலில் மேடை மின் இணைப்பில் எர்த் சரியா என்று பார்க்கவும். அடுத்து புதுத் தந்தி: நம் மலையின் பனியில் வெல்லம் கசிவது போல், தந்தியும் துருப்பிடித்து ஓசை இழக்கும். பிறகு உட்குழியில் செப்புத் தாள் ஒட்டி அதை எர்த்தில் சேர்க்கவும். கடைசியாகத்தான் பிக்கப். ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் போடுவது வழக்கம். கழற்றிய பிக்கப்பை எறியாமல் பத்திரப்படுத்தவும்.

மரம் நம் மரம்

தம்பியின் கிதாரில் விரல் பதியும் பலகை கருஞ்சிவப்பாக இருந்தது. அது இந்திய ரோஸ்வுட். கூடலூர்ப் பக்கம் நாம் ஈட்டி என்று சொல்லும் அதே மரம். பிரேசில் ரோஸ்வுட் அரிதானதால், அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-ல் இந்திய ஈட்டிக்கு மாறியது. 2017 ஜனவரி முதல் பன்னாட்டு ஒப்பந்தப்படி ரோஸ்வுட் இனங்கள் எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. உடனே ஃபெண்டர் பல கிதார்களுக்கு வேறு மரம் தேடியது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. இப்படி உலகம் தேடும் மரத்தைத்தான் தம்பி 3,000 ரூபாய்க்குத் தள்ளிவிட இருந்தான்.

தந்தி, செப்புத் தாள், ஒரு பிக்கப், கூலி எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய் ஆயிற்று. முன்பணமும் அவ்வளவே கொடுத்தோம். கிறிஸ்துமஸ் இரவில் தேவாலயத்தின் பின்வரிசையில் நின்று கேட்டோம். இரைச்சல் இல்லை. தங்கையின் கட்டணமும் தவணை தவறாமல் கட்டப்பட்டது.

கடைக் குளிர்பெட்டியானாலும், வேனானாலும், தராசானாலும், மாற்றுமுன் எந்த உறுப்பு பழுது என்று கேளுங்கள். உறுப்புக்கு உண்டான விலையை மட்டும் கொடுங்கள்.