பத்துக்கு அப்புறம் எந்த குரூப்?



பத்தாம் வகுப்பு முடிக்கப்போகிற பல பேர் என்னைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்விதான். "அக்கா, எந்த குரூப் எடுக்கலாம்?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்ல இன்டர்வெல் போதவில்லை. அதனால் டீச்சர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை இந்தச் சுவரிதழில் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். வீட்டிலும் போய்ச் சொல்லுங்கள்.

பிளஸ் டூ எப்படி வந்தது?

நம் தாத்தா காலத்தில் 11-ஆம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதுவார்கள். பிறகு கல்லூரியில் ஒரு வருடம் பி.யூ.சி. படிப்பார்கள். 1978-இல்தான் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தது. 1980-இல் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்தது. அப்போதிருந்து பாடத்துக்கு 200 வீதம் மொத்தம் 1200 மதிப்பெண். 2019 மார்ச் தேர்விலிருந்து பாடத்துக்கு 100, மொத்தம் 600 என்று ஆகிவிட்டது. அதனால் நீங்கள் 520 எடுத்துவிட்டு வந்து நிற்கும்போது, "ஆயிரம் தாண்டலையா?" என்று மாமா கேட்டால் பயப்படாதீர்கள். அவர் பழைய கணக்கில் இருக்கிறார்!

குரூப் என்றால் என்ன?

பிளஸ் டூவில் 6 பாடங்கள். தமிழ் (அல்லது வேறு மொழி), ஆங்கிலம் இரண்டும் எல்லாருக்கும் உண்டு. மீதி 4 பாடங்களைச் சேர்த்துக் கட்டிய கட்டுதான் குரூப். முக்கியமானவை:

1. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம்.
2. இயற்பியல், வேதியியல், கணிதம், கணினி அறிவியல்.
3. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல்.
4. வணிகவியல், கணக்குப் பதிவியல், பொருளியல். இவற்றோடு கணினிப் பயன்பாடுகள், வணிகக் கணிதம், வரலாறு போன்றவற்றில் ஒன்று.
5. தொழிற்கல்விப் பிரிவுகள்.

எல்லாப் பள்ளியிலும் எல்லா குரூப்பும் இருக்காது. ஃபர்ஸ்ட் குரூப், செகண்ட் குரூப் என்கிற பெயரும் பள்ளிக்குப் பள்ளி மாறும். அதனால் நம்பரைக் கேட்காதீர்கள், பாடத்தின் பெயரைக் கேளுங்கள்.

குரூப் ஒரு கதவு

இதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். குரூப் எடுக்கும்போது நாம் படிப்பை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. சில கதவுகளைத் திறந்து வைக்கிறோம், சிலவற்றை மூடுகிறோம். எது மூடுகிறது என்று தெரிந்து மூடினால் கவலை இல்லை. தெரியாமல் மூடினால் இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும்.

பி.இ. கவுன்சலிங்குக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்தான் கணக்கு. கணிதம் 100-க்கு, மற்ற இரண்டும் பாதியாகி 50-க்கு. ஆக மொத்தம் 200. ஒருத்தர் கணிதத்தில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 எடுத்தால் 90 + 40 + 42 = 172. இதுதான் கட்-ஆஃப். தமிழில் நூற்றுக்கு நூறு எடுத்தாலும் இதில் சேராது. முன்பு இதற்கு நுழைவுத்தேர்வு இருந்தது. 2007-இலிருந்து இல்லை.

டாக்டர் ஆக வேண்டும் என்றால் இயற்பியல், வேதியியலோடு உயிரியல் (அல்லது தாவரவியல், விலங்கியல்) வேண்டும். நீட்டும் எழுத வேண்டும். பி.எஸ்சி. நர்சிங்குக்கும் இதே அறிவியல் பாடங்கள் தேவை.

பி.காம்., சி.ஏ. போக வணிகவியல் நல்ல அடித்தளம். ஆனால் சி.ஏ. ஃபவுண்டேஷனை எந்த குரூப் படித்தவரும் எழுதலாம். ஐந்து வருட சட்டப் படிப்புக்கும் எந்த குரூப்பும் போதும். கலெக்டர் ஆவதற்கு ஏதாவது ஒரு பட்டம் போதும், குரூப்பை யாரும் கேட்க மாட்டார்கள்.

எனக்குப் பத்தாம் வகுப்பில் கணிதத்தில் நல்ல மார்க். "ஃபர்ஸ்ட் குரூப்பை விட்டுட்டு யாராவது காமர்ஸ் எடுப்பாங்களா?" என்று சொந்தக்காரர்கள் எல்லாம் கேட்டார்கள். எனக்கு ஆடிட்டர் ஆக ஆசை. பி.இ., எம்.பி.பி.எஸ். கதவு மூடும் என்று தெரிந்தேதான் வணிகவியலும் வணிகக் கணிதமும் எடுத்தேன். என் ஃபிரெண்டுக்கு இன்னும் எது என்று முடிவாகவில்லை. அவள் கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப் எடுத்தாள். சுமை அதிகம், ஆனால் கதவுகளும் அதிகம். இரண்டு பேர் செய்ததும் சரிதான்.

செய்யக் கூடாதது ஒன்றுதான். ஃபிரெண்ட் எடுத்தாள் என்பதற்காக எடுப்பது!

பாஸ் ஆக என்ன வேண்டும்?

ஒவ்வொரு பாடத்திலும் 100-க்கு 35. மொத்தத்தில் நிறைய எடுத்து ஒரு பாடத்தில் 34 வந்தாலும் அந்தப் பாடம் ஃபெயில்தான்.

செய்முறை இல்லாத பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. செய்முறை உள்ள அறிவியல் பாடத்துக்கு எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. இங்கேதான் பல பேர் ஏமாறுகிறார்கள். "பிராக்டிகல், இன்டர்னல் ரெண்டும் சேர்த்து 30 வந்துடும், இன்னும் 5 எடுத்தா பாஸ்" என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எழுத்துத் தேர்வில் மட்டும் 70-க்கு 15 எடுத்தே ஆக வேண்டும். 30-ம் 12-ம் சேர்ந்து 42 வந்தாலும் பாஸ் இல்லை. 90 மார்க் பாடத்தில் எழுத்தில் 25 வேண்டும்.

ஒரு பாடம் போனாலும் வருடம் போகாது. துணைத்தேர்வில் அந்தப் பாடத்தை மட்டும் எழுதி, அதே வருடம் கல்லூரி சேரலாம். அழுதுகொண்டு வீட்டில் உட்காராதீர்கள். இதைப் பையன்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆவடியில் கேந்திரிய வித்யாலயாவில் படிக்கும் நண்பர்கள் "எங்களுக்கு 33 போதுமே" என்பார்கள். அது சி.பி.எஸ்.இ. அங்கே கட்டாயம் 5 பாடம், கணக்கு வேறு.

பதினொன்றை விட்டுவிடாதீர்கள்

பல பள்ளிகளில் 11-ஆம் வகுப்புப் பாடத்தை நடத்தாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டையே நடத்துகிறார்கள் என்றுதான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 2025-26 முதல் அது இல்லை. சந்தோஷம்தான்! ஆனால் நீட்டிலும் ஜே.இ.இ.யிலும் 11-ஆம் வகுப்புப் பாடத்திலிருந்தும் கேள்வி வரும். கணக்குப் பதிவியலில் பதினொன்று புரியாவிட்டால் பன்னிரண்டு தலைகீழாகத் தெரியும். பரீட்சைதான் போயிருக்கிறது, பாடம் போகவில்லை.

பிளஸ் டூ மட்டும்தான் வழியா?

இல்லை. பத்து முடித்ததும் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ சேரலாம். முடித்தால் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம். அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. என் அப்பா ஐ.டி.ஐ. படித்து எஸ்டேட்டில் டர்னராக வேலை பார்க்கிறார். அந்த லேத் வருமானத்தில்தான் நான் படிக்கிறேன். "மார்க் இல்லாதவன் போற இடம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

* 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2020-இல் மருத்துவத்துக்கும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. நடுவில் தனியார் பள்ளிக்கு மாறுகிறவர்கள் இதை யோசித்து டி.சி. வாங்குங்கள்.
* குரூப் ஒத்துவரவில்லை என்றால் முதல் சில வாரங்களிலேயே ஹெச்.எம்.மிடம் கேளுங்கள். பாடம் ஓடிய பிறகு மாறுவது கஷ்டம்.
* நீங்கள் சேர நினைக்கும் படிப்புக்கு எந்தப் பாடம் வேண்டும் என்று முதலில் பாருங்கள். குரூப்பை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.

ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள். சந்தேகம் இருந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் 12-ஆம் வகுப்பு 'சி' பிரிவுக்கு வாருங்கள், சேர்ந்து பேசலாம்.



இப்படிக்கு,
உங்கள் பன்னிரண்டாம் வகுப்பு அக்கா