சாவிக்கொத்து வலிப்பை நிறுத்துமா?

புதன்கிழமை மாலை, செராஸ் தாமான் கோனாட் பசார் மாலாமில் நல்ல கூட்டம். இளைஞர் ஒருவர் திடீரென விழுந்து கை கால்களை உதறுகிறார், வாயில் நுரை தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். நம்மவர் ஒருவர் அங்கிருந்தால் என்ன செய்வார்? "சாவி, சாவி! இரும்பு ஏதாச்சும் கையில கொடுங்க!" என்று கத்துவார். சாவிக்கொத்தைத் திணித்த சற்று நேரத்தில் உதறல் அடங்கும். இரும்பின் மகிமையைப் பேசிக்கொண்டே கூட்டம் கலையும்.

இரும்புக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் தாமாகவே அடங்கிவிடும். சாவியைத் தேடி எடுப்பதற்குள் அந்த நேரம் ஆகிவிடுகிறது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் மூளைக்குள் என்ன நடக்கிறது? நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஓய்வில் இருக்கும் நரம்பணுவின் உள்ளுக்கும் வெளிக்கும் இடையே ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் மின்னழுத்த வேறுபாடு இருக்கும். செய்தி வந்தால் சோடியம் உள்ளே பாய்ந்து ஒரு மின்துடிப்பு ஓடும். அது நுனியை அடைந்ததும் ஓர் இரசாயனம் சுரந்து அடுத்த அணுவுக்குச் செய்தியைக் கொண்டுபோகும். குளுட்டமேட் என்ற இரசாயனம் தூண்டிவிடும். காபா என்பது அடக்கும். காடிக்கு எண்ணெயும் பிரேக்கும் போல.

மறுபடியும் பசார் மாலாமுக்கு வாருங்கள். அங்கே ஆளுக்கு ஒரு பேச்சு, ஆளுக்கு ஒரு பேரம். நலமான மூளையும் அப்படித்தான் இயங்குகிறது. பிரேக் தளர்ந்து, ஆயிரக்கணக்கான அணுக்கள் ஒரே நேரத்தில் ஒரே கூச்சலைப் போட்டால் அதுதான் வலிப்பு. கூச்சல் எழும் இடத்தைப் பொறுத்து அதன் தோற்றம் மாறும். கையை இயக்கும் பகுதியில் என்றால் கை மட்டும் துடிக்கும். பொட்டுப் பக்க மூளையில் என்றால் இல்லாத நாற்றம் அடிக்கும், காரணமில்லாத பயம் வரும். சில பிள்ளைகள் வகுப்பில் சில விநாடிகள் அப்படியே வெறித்துப் பார்ப்பார்கள். கனவு காண்கிறான் என்று ஆசிரியரிடம் திட்டு வாங்குவதுதான் மிச்சம்.

இந்த மின்னலைகளை மனிதனின் தலையிலிருந்து முதன்முதலாகப் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர், ஆண்டு 1924. இன்று அதுவே இ.இ.ஜி. சோதனை. "தலையில் கரண்டு வைப்பார்களாமே" என்று பயப்பட வேண்டாம். கருவி எதையும் உள்ளே செலுத்துவதில்லை, கேட்கிறது மட்டுமே. ஆனால் இ.இ.ஜி. சரியாக இருப்பதால் மட்டும் வலிப்பு நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

நோயைவிடப் பெயர்தான் அதிகம் வதைக்கிறது. 'கால் கை வலிப்பு' மருவி 'காக்காய் வலிப்பு' ஆயிற்று என்பார்கள். மலாயில் 'கீலா பாபி', அதாவது பன்றிப் பைத்தியம் என்று இருந்ததை மாற்றி இப்போது 'எப்பிலெப்சி' என்கிறார்கள். இந்தியாவில் 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் இந்நோயைத் திருமணத்துக்குத் தடையாகவே வைத்திருந்தது. 1999-இல்தான் அதை நீக்கினார்கள். சட்டம் மாறினாலும் வீடுகள் மாறவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்று பெண்ணின் மாத்திரையை மறைப்பதும் நிறுத்துவதும் நம்மிடையே நடக்கிறது. திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முறையாக மருந்து எடுத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழமுடியும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. சில மருந்துகள் கருவைப் பாதிக்கும் என்பதும் உண்மைதான். பிள்ளைப்பேற்றுக்கு முன்பே மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ளலாம்.

சரி, அந்த இளைஞருக்கு என்ன செய்வது? கூர்மையான பொருள்களை நகர்த்துங்கள். தலைக்கடியில் மென்மையாக எதையாவது வையுங்கள். கை கால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டியோ தண்ணீரோ வேண்டாம். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மணியைப் பாருங்கள்: ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ, 999-ஐ அழையுங்கள்.

முதன்முறை வலிப்பு வந்தவர் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். செராஸ்காரர்களுக்கு ஹெச்.யு.கே.எம். என்று பழகிப்போன துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. கூடவே, விழுந்ததைக் கண்ணால் பார்த்தவரையும் அழைத்துப் போங்கள். மருத்துவர் வலிப்பை நேரில் காண்பது அபூர்வம். சாவி தேடும் நேரத்தில் யாராவது கைத்தொலைபேசியில் படம் பிடித்திருந்தால், அவருக்கு அது பெரிய உதவி.