மெயிலைத் திறந்தாங்க... ஆனா ஆர்டர் வரலையே! கிளிக் ரேட் கணக்கைப் புரிஞ்சுக்கலாம் வாங்க

சங்கரன்கோவில் என்றால் ஆடித்தபசுக்கு அடுத்து விசைத்தறி சேலைகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அங்கிருந்து ஆன்லைனில் சேலை விற்கும் ஒருவர், பழைய வாடிக்கையாளர்கள் 2,000 பேருக்கு தீபாவளி ஆஃபர் மெயில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். '40% பேர் திறந்துவிட்டார்கள்' என்கிறது ரிப்போர்ட். ஆர்டர் மட்டும் வரவே இல்லை. அந்த எண்ணை நம்பி கூடுதலாகச் சரக்கு எடுத்திருந்தால்? நஷ்டம்தான்.

திறந்தது யார்?

மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் படம் இருக்கும். அது லோட் ஆனால், 'திறந்தாச்சு' என்று கணக்கு ஏறிவிடும். 2021 செப்டம்பரில் ஆப்பிள் கொண்டுவந்த மெயில் பிரைவசி வசதி, ஆள் பார்க்கிறாரோ இல்லையோ, இந்தப் படத்தைத் தானே முன்கூட்டி லோட் செய்துவிடுகிறது. அதாவது, தூங்குகிறவரும் திறந்தவர் கணக்கில் சேர்ந்துவிடுவார்!

கிளிக் ரேட் எப்படி கணக்கிடுவது?

மெயிலில் உள்ள லிங்க்கை அழுத்தினால், அது முதலில் அனுப்பும் மென்பொருளின் சர்வருக்குப் போய், பதிவாகி, பிறகுதான் கடைப் பக்கத்துக்குப் போகும். ஜோஹோ கேம்பைன்ஸ் மாதிரியான மென்பொருள்கள் செய்வது இதைத்தான். (அந்த ஜோஹோவுக்கு இதே தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையில் அலுவலகம் இருக்கிறது.)

நம்ம கணக்குக்கு வருவோம். 2,000 மெயிலில் 100 திரும்பி வந்துவிட்டது. போய்ச் சேர்ந்தது 1,900. லிங்க்கை அழுத்தியவர்கள் 57 பேர். 57-ஐ 1,900-ஆல் வகுத்தால் 3%. இதுதான் கிளிக் ரேட். ஒரே ஆள் நாலு தடவை அழுத்தினாலும் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். திறந்த 760 பேரால் வகுத்தால் 7.5% வரும். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் 760 என்பதே சந்தேகமான எண் ஆச்சே!

கிளிக்கிலும் கலப்படம் உண்டு. சில அலுவலக மெயில்களில், பாதுகாப்பு மென்பொருளே எல்லா லிங்க்கையும் தட்டிப் பார்க்கும். மெயில் போன சில நொடிகளில் எல்லா லிங்க்கிலும் கிளிக் விழுந்திருந்தால், அது பெரும்பாலும் மனுஷன் இல்லை.

ஏற்றுவது எப்படி?

ஒரு மெயிலில் பத்து லிங்க் வேண்டாம். ஒரே ஒரு பட்டன், கட்டைவிரலுக்கு எட்டுகிற மாதிரி. 'இங்கே கிளிக் செய்யவும்' என்பதைவிட '600 ரூபாய்க்குள் சேலைகள் பார்க்க' என்று எழுதினால், உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடும். சேலை வாங்கியவருக்கும் வேட்டி வாங்கியவருக்கும் ஒரே மெயில் போகக் கூடாது.

இரண்டு தலைப்பு எழுதி, ஆளுக்குப் பாதியாக அனுப்பிப் பார்க்கலாம். ஆனால் 100 பேரில் 3 கிளிக், இன்னொரு 100 பேரில் 5 கிளிக் என்பதை வைத்து முடிவு எடுக்காதீங்க. அது தற்செயலாகவும் இருக்கலாம்.

காசு கொடுத்து மெயில் முகவரிப் பட்டியல் வாங்குவதுதான் பெரிய ஆபத்து. ஸ்பேம் புகார் 0.3%-ஐ எட்டக் கூடாது என்கிறது கூகுள். தினமும் 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர், ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் தர வேண்டும் என்ற விதி 2024-ல் வந்தது. 1,000 பேரில் 3 பேர் 'ஸ்பேம்' என்று அழுத்தினாலே 0.3% ஆகிவிடும். அதன்பிறகு, விரும்பி வாங்குகிற வாடிக்கையாளருக்குப் போகும் மெயிலும் ஸ்பேம் ஃபோல்டரில்தான் விழும்.