'தகராறு' அரபிச் சொல்லா? அரபி - பாரசீக மொழிபெயர்ப்பில் என்னதான் சிக்கல்? கவிமணி செய்தது என்ன?

வடசேரி பஸ் ஸ்டாண்டில் சில்லறைக்காகக் கண்டக்டரோடு வாய்ச்சண்டை வந்தால், பக்கத்தில் நிற்பவர் 'என்ன தகராறு?' என்றுதான் கேட்பார். இந்தச் சொல்லின் ஊர் நாஞ்சில் நாடு இல்லை, அரேபியா. அரபியில் 'தக்ரார்' என்றால் சொன்னதையே திரும்பச் சொல்வது. பாரசீகத்துக்குப் போனபோதும் அதே பொருள்தான். உருது, இந்தி வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தபோது அது சண்டையாகிவிட்டது. சொன்னதையே பத்துத் தடவை சொன்னால் சண்டை வராமல் என்ன செய்யும்?

தாலுகா ஆபீஸில் இருக்கும் 'தாசில்தார்' இன்னும் சுவாரசியமானவர். 'தஹ்சீல்' அரபி, வசூல் செய்வது. 'தார்' பாரசீகம், உடையவர். ஒரே பதவிப் பெயரில் இரண்டு மொழிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இவ்வளவு நெருக்கமான மொழிகள் என்றால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மொழிபெயர்ப்பது சுலபம்தானே? அங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

ஒரே எழுத்து, வேறு குடும்பம்

அரபிக்கு 28 எழுத்துகள். பாரசீகம் அதையே எடுத்துக்கொண்டு, தன் ஒலிகளுக்காக நான்கைச் சேர்த்து 32 ஆக்கிக்கொண்டது. ஆயிரக்கணக்கான அரபிச் சொற்களும் உள்ளே வந்தன. ஆனால் இரண்டும் ஒரே குடும்பம் இல்லை. அரபி, ஹீப்ரு மொழிக்கு உறவு. பாரசீகமோ சமஸ்கிருதத்துக்குத் தூரத்துச் சொந்தம்.

கடன் வாங்கிய சொல் புது வீட்டில் வேறு பொருள் எடுத்துக்கொள்ளும். அரபியில் 'ஜரீமா' என்றால் குற்றம். பாரசீகத்தில் அதே சொல்லுக்கு, குற்றத்துக்குக் கட்டும் அபராதத் தொகை என்று பொருள். தெஹ்ரானில் தப்பான இடத்தில் காரை நிறுத்தியவர் 'ஜரீமே' கட்டினார் என்பதை அரபிக்காரர் அப்படியே படித்தால், ஆளைக் குற்றவாளி ஆக்கிவிடுவார். 'மில்லத்' அரபியில் சமயத்தைக் குறிக்கும். பாரசீகத்தில் தேசத்து மக்களை. 'சுஹ்பத்' அங்கே தோழமை, இங்கே பேச்சு.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண் இது. மலையாளத்தில் 'வெள்ளம்' கேட்டால் குடிக்கத் தண்ணீர் வரும்; தமிழில் 'வெள்ளம் வந்தது' என்றால் பரளியாறு கரையை உடைத்திருக்கும். மலையாளத்தில் 'சம்சாரம்' பேச்சு, தமிழில் மனைவி. 'அபராதம்' அங்கே இன்றும் குற்றம்தான், நமக்குக் கட்டவேண்டிய பணம். நமக்குப் 'பிழை' தவறு. அங்கே 'பிழ' என்றால் அபராதத் தொகையும்கூட. முன்பின் தெரியாத மொழியில் மொழிபெயர்ப்பவர் அகராதியைப் புரட்டுவார். தெரிந்த சொல் என்று நினைப்பவர் புரட்ட மாட்டார். ஆபத்து அங்கேதான்.

அவனா, அவளா?

சொல்லை விடப் பெரிய தலைவலி பால். பாரசீகத்தில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல்: 'ஊ'. காதலைப் பாடும் ஒரு பாரசீகக் கவிதையில் காதலிக்கப்படுபவர் ஆணா பெண்ணா என்பதே பல நேரம் தெரியாது. அந்த மங்கலில்தான் கவிதையின் பாதி அழகு. கடவுளாகவும் இருக்கலாம் என்று படிப்பவர்களும் உண்டு. அரபியில் அந்த வசதி கிடையாது. 'நீ' என்று சொல்லவே ஆணுக்கு 'அன்த', பெண்ணுக்கு 'அன்தி'. கவிஞர் சொல்லாமல் விட்டதை மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்தே ஆகவேண்டும்.

புத்தேரிக்கு வந்த பாரசீகம்

இந்தச் சிக்கலின் முழு உருவம் உமர் கய்யாம். 1048-ல் ஈரானின் நிஷாப்பூரில் பிறந்தவர். அல்ஜீப்ரா நூலை அவர் எழுதியது அரபியில். அன்றைய அறிவியலின் மொழி அது. அவர் பெயரில் உலகம் கொண்டாடும் நாலடிக் கவிதைகளோ பாரசீகத்தில். அந்த வடிவத்தின் பெயரான 'ருபாயி' மட்டும், நான்கு என்று பொருள்படும் அரபி வேரிலிருந்து வந்தது.

அந்தக் கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், தேரூரில் 1876-ல் பிறந்து, ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின் வடசேரியை அடுத்த புத்தேரியில் வாழ்ந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. அவர் மொழிபெயர்த்தது பாரசீகத்திலிருந்து இல்லை, எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலத்திலிருந்து. அந்த ஆங்கில நூல் 1859-ல் வெளிவந்தது. அதற்கு ஆதாரமான கையெழுத்துப் பிரதிகள் இரண்டு. ஒன்று ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தது. இன்னொன்றை ஃபிட்ஸ்ஜெரால்டின் நண்பர் கோவல், கல்கத்தா ஆசியக் கழக நூலகத்தில் கண்டு நகலெடுத்து அனுப்பினார்.

இந்தப் பயணத்தில் என்ன தொலைந்தது, என்ன சேர்ந்தது? எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டையே எடுத்துக்கொள்வோம். பாரசீக மூலத்தில் கேட்கப்படுவது: நல்ல கோதுமை ரொட்டி, இரண்டு 'மன்' எடைக்கு மது, ஓர் ஆட்டுத்தொடை, செம்மலர் முகம் கொண்ட துணை, உட்காரப் பாழடைந்த ஓர் இடம். சுல்தானுக்கும் கிடைக்காத சுகம் அது என்கிறார் கவிஞர்.

ஃபிட்ஸ்ஜெரால்டு ஆட்டுத்தொடையைக் கழற்றிவிட்டார். பாழடைந்த இடம் மரநிழல் ஆனது. இன்னொரு ருபாயியிலிருந்து கவிதைப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து சேர்த்தார். அது புத்தேரிக்கு வந்தபோது ரொட்டியும் போயிற்று. தென்றல் வந்தது. பெயரில்லாத கவிதைப் புத்தகத்தின் இடத்தில் கம்பன் வந்து உட்கார்ந்தான்.

இது மொழிபெயர்ப்பா என்று கறாராகக் கேட்டால், இல்லை என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் 'ரொட்டித் துண்டு' என்று 1940-களில் நாஞ்சில் நாட்டு வாசகரிடம் சொல்லியிருந்தால் அவருக்கு நினைவு வந்திருப்பது ஆஸ்பத்திரிச் சாப்பாடாக இருந்திருக்கும், சொர்க்கமாக இருந்திருக்காது. கவிமணி பொருளை விட்டார், அந்தப் பொருள் தந்த நிறைவைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு அதிர்ஷ்டமும் அவருக்கு இருந்தது. தமிழ் 'நீ'க்குப் பால் கிடையாது. அரபி மொழிபெயர்ப்பாளரைப் படுத்திய கேள்வி இந்த இடத்தில் அவரை எட்டிப்பார்க்கவே இல்லை.

மது மதுதானா?

மிச்சமிருப்பது மது. கய்யாமின் மது நிஜ மதுவா, சூஃபிகள் சொல்லும் இறைக்காதலின் உருவகமா? 1867-ல் பிரெஞ்சில் மொழிபெயர்த்த நிக்கோலா உருவகம் என்றார். மறு ஆண்டே தன் இரண்டாம் பதிப்பில் ஃபிட்ஸ்ஜெரால்டு அதை மறுத்து எழுதினார். 1967-ல் ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ், ஒமர் அலி ஷா இருவரும் சூஃபி விளக்கத்தோடு ஒரு மொழிபெயர்ப்பு வெளியிட்டு, 12-ம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதியே ஆதாரம் என்றார்கள். அந்தப் பிரதியைக் கடைசிவரை யார் கண்ணிலும் காட்டவில்லை.

அரபியில் நடந்தது இன்னும் நுட்பம். எகிப்தியக் கவிஞர் அஹ்மத் ராமி 1920-களில் பாரசீகத்திலிருந்தே நேராக மொழிபெயர்த்தார். சுமார் கால் நூற்றாண்டு கழித்து உம்மு குல்தூம் அதைப் பாடினார். ராமியின் நூலில் விடியலில் ஒரு குரல் மதுக்கடையிலிருந்து அழைக்கும். பாட்டில் அந்தக் குரல் மறைவுலகிலிருந்து வருகிறது. நூலில் நிரப்பச் சொல்வது மதுக்கிண்ணத்தை. பாட்டில் அது ஆசைகளின் கிண்ணம். இரண்டே இரண்டு சொல் மாற்றம். குடிகாரரின் பாட்டு வானொலியில் குடும்பத்தோடு கேட்கும் பாட்டாகிவிட்டது. அரபு உலகில் பலருக்கு இன்று கய்யாம் என்றால் அந்தப் பாட்டுதான்.

புத்தர் வரலாற்றை 'ஆசிய ஜோதி'யாக 1941-ல் தந்தவர் கவிமணி. அவர் நினைத்திருந்தால் கலசத்தில் பாலையோ இளநீரையோ ஊற்றியிருக்கலாம். ரொட்டியை எடுத்தவர், இடத்தை மாற்றியவர், கம்பனைக் கூட்டி வந்தவர், மதுவை மட்டும் தொடவில்லை.