மீன் சாற்றுப் பரிசோதனையும் பொதுஜன நம்பிக்கையும்

உணவுப் பண்டம் ஒன்று உண்ணத் தக்கதா, தகாததா என்பதை ரஸாயனப் பரிசோதனையினால் அறிந்து ஜனங்களுக்குத் தெரிவிப்பது மிகவும் அவசியமான காரியமாகும். ஆனால் பரிசோதனையின் பொருளைச் சரிவர உணராமலும், உணர்ந்ததை முழுவதும் எடுத்துச் சொல்லாமலும் முடிவுகளை வெளியிட்டுவிட்டால், அதனால் விளையும் கேடு சிறிதன்று. உற்பத்தி செய்வோர் நஷ்டமடைவர். உண்போர் வீண் பயங்கொள்வர். பின்னொரு காலத்தில் மெய்யான அபாயம் நேரிட்டு எச்சரிக்கை செய்யும்போது அதனை நம்புவோர் இரார். 2016-ஆம் ஆண்டில் வியட்நாம் தேசத்தில் மீன் சாறு விஷயமாக நிகழ்ந்த பெருங்குழப்பம் இதற்குத் தக்க சான்றாகும். விளைபொருளை விற்று ஜீவிக்கும் விவசாயிகளும், கிராமத்தாருக்குச் செய்தி சொல்லும் பொறுப்புடைய அதிகாரிகளும் அதன் விவரங்களை அறிந்து வைத்திருத்தல் நலம்.

மீன் சாறு செய்யும் முறை

வியட்நாமியர் 'நுவொக் மாம்' என வழங்கும் மீன் சாறு, அத்தேசத்தில் ஏழை பணக்காரர் என்னும் பேதமின்றி எல்லோருடைய வீட்டிலும் அன்றாடம் சோற்றுடன் சேர்க்கப்படும் பண்டம். நெத்திலி மீனுடன் கடலுப்பைக் கலந்து, பெரிய தொட்டிகளில் இட்டு மூடிப் பாரமேற்றி வைப்பார்கள். சாதாரணமாக மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்புச் சேர்ப்பது வழக்கம். இத்தொழிலில் பெயர்பெற்ற பூ குவொக் தீவில் மரத்தொட்டிகளையே உபயோகிக்கின்றனர். ஏறக்குறைய 12 மாத காலத்தில், மீனிலேயே இயற்கையாக உள்ள செரிமானப் பொருள்கள் அதன் புரதத்தைச் சிறுகச் சிறுகக் கரைத்துவிட, அடிக்குழாய் வழியே செந்நிறமான தெளிந்த சாறு வடியும். முதல் வடிப்பே உயர்ந்தது. பின்னர் உப்பு நீர் ஊற்றி எடுக்கும் வடிப்புகள் வரவரத் தரத்தில் தாழ்ந்தவை. பூ குவொக் சாற்றின் பெயரை வேறு இடத்தார் தம் சரக்குக்குச் சூட்டிக்கொள்ளாதபடி, 2012-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஐக்கியம் அதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது.

சாற்றின் தரத்தை அதிலுள்ள நைட்ரஜன், அதாவது உரங்களில் தழைச்சத்து எனப்படும் அதே மூலப்பொருளின் அளவைக்கொண்டு மதிப்பிடுவார்கள். புரதம் எவ்வளவு கரைந்திருக்கிறதோ அவ்வளவு தழைச்சத்து காணும். சர்வதேச உணவுத் தர ஸ்தாபனமாகிய கோடெக்ஸ் 2011-ஆம் ஆண்டில் வகுத்த விதிப்படி, மீன் சாற்றில் லிட்டருக்கு 10 கிராமுக்குக் குறையாமல் தழைச்சத்து இருத்தல் வேண்டும். முதல்தரமான வடிப்பில் அது 40 கிராம் வரையிலும், சிலவற்றில் அதற்கு மேலும் இருக்கும். நீர் கலந்து, நிறமும் மணமும் சுவையும் கூட்டிப் புட்டியில் அடைத்து மலிவாக விற்கும் சரக்கில் தழைச்சத்து மிகக் குறைவு. இந்த வித்தியாசத்தை நினைவிற்கொண்டால்தான் பின்னர் நிகழ்ந்தது விளங்கும்.

வெளியான அறிக்கை

2016 அக்டோபர் 17-ஆம் தேதி, வியட்நாம் தர நிர்ணய நுகர்வோர் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அத்தேசத்தின் பல மாகாணங்களிலும் நகரங்களிலும் வாங்கிய 150 மீன் சாற்று மாதிரிகளைப் பரிசோதித்ததில், 101 மாதிரிகளில், அதாவது நூற்றுக்கு 67 வீதத்தில், ஆர்ஸெனிக் என்னும் பாஷாணம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற வரம்பைக் கடந்திருந்ததாக அதில் கண்டிருந்தது. தழைச்சத்து மிகுந்த சாற்றிலேயே பாஷாணமும் மிகுதி என்றும், லிட்டருக்கு 40 கிராமும் அதற்கு மேலுமுள்ள மாதிரிகளில் நூற்றுக்கு 95-க்கு மேற்பட்டவை வரம்பு கடந்தவை என்றும் சொல்லப்பட்டது. பத்திரிகைகள் இச்செய்தியைப் பெரிய தலைப்புகளிட்டுப் பிரசுரித்தன. தலைமுறை தலைமுறையாகத் தொட்டி கட்டி மீன் ஊறவைத்து வந்த குடும்பத்தாரின் சரக்கு ஒரே நாளில் விஷம் என்ற பெயரெடுத்தது. நீர் கலந்த மலிவுச் சரக்கோ குற்றமற்றதுபோல் தோன்றிற்று.

பிழை எங்கே நேர்ந்தது?

ஆர்ஸெனிக் இயற்கையில் ஒரே ரூபத்தில் இருப்பதன்று. பாறையிலும் நிலத்தடி நீரிலும் காணும் அனங்கக ரூபம் கொடிய நஞ்சு. நெடுநாள் உட்கொண்டால் தோல், நுரையீரல், மூத்திரப்பை ஆகியவற்றில் புற்றுநோய் உண்டாக்கும் என்பது ஐயமற நிரூபிக்கப்பட்டுள்ளது. மீன், இறால் முதலியவற்றின் உடலில் உள்ளதோ பெரும்பாலும் ஆர்ஸெனோபீட்டைன் என்னும் அங்ககச் சேர்க்கை. 1977-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் சிங்கி இறாலிலிருந்து இதனைப் பிரித்தறிந்தனர். இது மனித உடலில் தங்காமலும் மாறாமலும் சிறுநீருடன் வெளியேறிவிடும். மீன் தின்பவர் எல்லோரும் இதனை உட்கொண்டே வருகின்றனர்.

மேற்படி சங்கத்தார் பிரசித்தப்படுத்திய தொகை இவ்விரண்டு ரூபங்களையும் சேர்த்த மொத்த ஆர்ஸெனிக்கின் தொகை. அதில் நஞ்சு எவ்வளவு, தீங்கற்றது எவ்வளவு என்பதை ஜனங்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை. தழைச்சத்தும் அங்கக ஆர்ஸெனிக்கும் ஒரே மீனிலிருந்து வருபவை. ஆகவே மீன் மிகுந்த சாற்றில் இரண்டும் மிகுந்திருக்கும். நீர் மிகுந்த சாற்றில் இரண்டும் குறைந்திருக்கும். கலப்பில்லாத சரக்கு தன் கலப்பின்மை காரணமாகவே குற்றஞ்சாட்டப்பட்டது.

விவசாயிகளுக்கு இது எளிதில் விளங்கும். மண் பரிசோதனையில் மொத்த மணிச்சத்து ஏராளமாகத் தோன்றியும், பயிரின் வேர் ஏற்கக்கூடிய மணிச்சத்து சொற்பமாக இருப்பதுண்டு. மொத்தத் தொகையை மட்டும் பார்த்து எருவிடாமல் விட்டவன் மகசூலில் நஷ்டமடைவான். அவ்வாறே உணவிலும், ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதோடு எந்த ரூபத்தில் இருக்கிறது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

இதனால் ஆர்ஸெனிக்கைப்பற்றிக் கவலையே வேண்டியதில்லை என்று கருதிவிடலாகாது. வங்காள தேசத்துக் குழாய்க்கிணறுகள் பலவற்றின் நீரில் உள்ளது அனங்கக ரூபமே. நீர் தேங்கிய வயலில் விளையும் நெல் அதனை எளிதில் ஈர்க்கும் தன்மையது. அதுபற்றியே கோடெக்ஸ் ஸ்தாபனம் 2014-ஆம் ஆண்டில், தீட்டிய அரிசியில் அனங்கக ஆர்ஸெனிக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என விதித்தது. அவ்விதி மொத்தத்தைக் கூறாமல் ரூபத்தைக் குறித்துக் கூறியிருப்பது கவனிக்கத்தக்கது. கடலில் கிடைப்பன அனைத்தும் தீங்கற்றவை என்பதும் சரியன்று. ஹிஜிகி என்னும் கடற்பாசியில் அனங்கக ரூபம் மிகுந்திருப்பதால், அதனை உண்ணவேண்டாமென்று 2004-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் உணவு இலாகா எச்சரித்தது.

அதன் பின் நிகழ்ந்தவை

வியட்நாம் பிரதம மந்திரி இதுபற்றி விசாரிக்க உத்தரவிட்டார். அத்தேசத்துச் சுகாதார மந்திரி இலாகா 247 மாதிரிகளைத் தனியே பரிசோதித்து, அனங்கக ஆர்ஸெனிக் வரம்பு கடந்த மாதிரி ஒன்றேனும் இல்லையென்று அக்டோபர் 22-ஆம் தேதி அறிவித்தது. முதல் பரிசோதனைக்குப் பொருளுதவி செய்தவர் யார் என்ற கேள்வியும் எழுந்தது. நவம்பர் மாதத்தில் 50 பத்திரிகை ஸ்தாபனங்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. அவற்றுள் ஒரு தினசரிக்கு மட்டும் 20 கோடி டாங் அபராதம்.

ஆயினும் அபராதத்தினால் நம்பிக்கை திரும்பிவிடவில்லை. 2019-ஆம் ஆண்டில் மீன் சாறு உற்பத்திக்கு ஒரு புதிய விதித்தொகுப்பை அதிகாரிகள் தயாரித்தபோது, அது சிறு உற்பத்தியாளரை ஒழிப்பதற்கான சூழ்ச்சியென்று அவர்கள் ஐயுற்று எதிர்த்தனர். அவ்வேலை அவ்வாண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. ஒருமுறை சூடுபட்டவர்கள் அடுத்த விதியையும் சந்தேகக் கண்ணுடனேயே பார்த்தனர்.

ஜனங்கள் இவ்வளவு விரைவில் பயந்ததற்கும் காரணமுண்டு. அதே 2016 ஏப்ரலில் வியட்நாமின் மத்திய கடற்கரை மாகாணங்கள் நான்கில் மீன்கள் திரள்திரளாகச் செத்து ஒதுங்கின. ஓர் எஃகு ஆலையின் கழிவே காரணமென்று சர்க்கார் வெளிப்படையாக அறிவித்தது ஜூன் மாத முடிவில்தான். இடைப்பட்ட மாதங்களில் எந்த மீனை உண்ணலாம், எதை விலக்கலாம் என்று தெரியாமல் ஜனங்கள் தவித்தனர். மெய்யான அபாயத்தைக் காலத்தில் சொல்லாமையும், இல்லாத அபாயத்தை அவசரமாகச் சொன்னமையும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. இரண்டினாலும் வறுமையுற்றவர் கடலை நம்பி வாழ்ந்தவரே.

கவனிக்க வேண்டிய மெய்யான தோஷம்

மீன் சாற்றில் ஆராயவேண்டிய தோஷம் வேறொன்றுண்டு. பிடித்த மீனை உப்பிடாமலும் குளிரில் வையாமலும் வெயிலில் விட்டுவைத்தால், கிருமிகளின் செய்கையால் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகும். இது மிகுந்தால் முகம் சிவத்தல், தலைவலி, தோல் அரிப்பு, வாந்தி முதலியன காணும். ஒருமுறை உண்டானபின் கொதிக்க வைத்தாலும் அது அழியாது. 100 கிராம் மீன் சாற்றில் 40 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கலாகாது என்பது கோடெக்ஸ் விதி. பூ குவொக் தீவினர் படகிலேயே மீனுக்கு உப்பிடும் வழக்கம் இத்தோஷத்தைத் தடுப்பதற்குச் சிறந்த உபாயம். பாஷாணம் என்ற கூச்சலில், உற்பத்தியாளர் உண்மையில் திருத்திக்கொள்ளக்கூடிய இவ்விஷயம் பேசப்படாமல் போயிற்று.

அறிக்கைகளைப் படிக்கும் முறை

உணவுப் பண்டத்தைப்பற்றிப் பயமூட்டும் செய்தி வரும்போது, அதனை நம்புமுன் பின்வருவனவற்றைக் கேட்டறிதல் நன்று.

1. அளந்த பொருள் யாது? அது மொத்தத் தொகையா, தீங்கு செய்யும் ரூபத்தின் தொகையா?

2. எந்த வரம்புடன் ஒப்பிட்டார்கள்? அவ்வரம்பு அந்தப் பண்டத்துக்கும் அந்த ரூபத்துக்கும் விதித்ததுதானா?

3. மாதிரிகள் எத்தனை? எங்கே, எவர் முன்னிலையில் எடுத்து, எவ்விதம் முத்திரையிட்டு அனுப்பினார்கள்?

4. வேறொரு பரிசோதனைச் சாலை அதே முடிவைக் கண்டதா?

5. பரிசோதனைச் செலவை ஏற்றவர் யார்? முடிவினால் லாபம் அடைபவர் யார்?

6. குற்றஞ்சாட்டப்பட்டவரின் சமாதானம் வெளியிடப்பட்டதா?

உற்பத்தி செய்வோர் ஒவ்வொரு தொகுதிச் சரக்கிலும் ஒரு புட்டியை முத்திரையிட்டு, தேதியும் விவரமும் எழுதிப் பத்திரப்படுத்தி வைப்பது பெரிதும் அனுகூலமாகும். வழக்கு வந்தால் வாய்ப்பேச்சைவிட அப்புட்டியே பேசும். கிராம அதிகாரிகள், விசாரித்து அறிந்ததை அறிந்த அளவில் தேதியுடன் அறிவிக்க வேண்டும். பின்னர் முடிவு மாறினால், முதற்செய்தி எட்டிய இடங்களுக்கெல்லாம் திருத்தமும் எட்டும்படி செய்ய வேண்டும். மெய்யான தீங்கு தெரியவந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. ஐயம் மட்டும் இருப்பின் ஐயமென்றே சொல்ல வேண்டும்.

நெத்திலியை உப்பிட்டு நல்ல சாறு வடிப்பதற்கு ஓராண்டு செல்கிறது. அச்சாற்றின் பெயரைக் கெடுக்க ஓர் அறிக்கையும் ஒரு காலைப் பத்திரிகையும் போதுமானவையாயின. உணவை விளைவிப்போருக்கும் உண்போருக்கும் நடுவில் நின்று செய்தி சொல்வோர், தம் கையிலுள்ள தராசு எதை நிறுக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது கடமையாகும்.