உஷார்! தீபாவளி விளம்பரப் பேக்கேஜுக்கு செக் எழுதும் முன்...

எடிசனிலோ ஃப்ரீமான்ட்டிலோ ஃபிரிஸ்கோவிலோ மளிகைக் கடை, நகைக்கடை, டியூஷன் சென்டர் நடத்துகிறீர்களா? தீபாவளி நெருங்கினால் டிவி விளம்பர ஏஜென்ட் வந்து நிற்பார். "பிரைம் டைம் ஸ்லாட் சார், பட்டிமன்றத்துக்கு நடுவுல உங்க கடைதான்" என்பார். போன வருஷம் விளம்பரம் கொடுத்த கடையில் அந்த வாரம் கல்லா நிரம்பிய கணக்கையும் எடுத்து நீட்டுவார். உஷாராக வேண்டிய இடம் அதுதான்!

தீபாவளி வாரத்தில் யார் கல்லாதான் நிரம்பாது? விளம்பரமே தராத பக்கத்துக் கடையிலும் நெய்யும் கடலைமாவும் தீர்ந்துதான் போகும். பண்டிகை கொண்டுவந்த வியாபாரம் விளம்பரத்தின் பேரில் வரவாகிவிடுகிறது. ஏஜென்ட் பொய் சொல்கிறார் என்றுகூட இல்லை, அவரே அதை நம்புகிறார். அது இன்னும் ஆபத்து.

பெரிய கம்பெனிகளுக்கே இந்தக் கணக்கு உதைக்கிறது. ஷாப்பிரோ, ஹிட்ச், டக்மன் என்ற மூன்று பேராசிரியர்கள் அமெரிக்காவில் விற்கும் 288 பிராண்டுகளின் டிவி விளம்பரத்தை அலசி, 2021-ல் 'எகனாமெட்ரிகா' இதழில் வெளியிட்டார்கள். விளம்பரப் பலன் வரிசையில் நடுவே நிற்கும் பிராண்டுக்கு, விளம்பரத்தை 10 சதவீதம் கூட்டினால் விற்பனை கூடுவது சுமார் 0.1 சதவீதம்! 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிராண்டுகளுக்கு, கூடுதலாகப் போடும் டாலர் முழுசாகத் திரும்புவதில்லை.

எப்படி அளந்தார்கள்? நியூ ஜெர்சிக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். நீல்சன் நிறுவனம் நாட்டை 210 டிவி சந்தைகளாகப் பிரித்திருக்கிறது. பிளெயின்ஸ்போரோ இருக்கும் மிடில்செக்ஸ் கவுண்டி நியூயார்க் சந்தையில் வருகிறது. ஒட்டினாற்போல் வெஸ்ட் விண்ட்சர் இருக்கும் மெர்சர் கவுண்டியோ ஃபிலடெல்ஃபியா சந்தையில். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே பள்ளி மாவட்டம், ஒரே மாதிரி வருமானம், ஆனால் வீட்டு டிவியில் வரும் லோக்கல் விளம்பரம் வேறு. (பென்சில்வேனியா தேர்தல் விளம்பரங்களை, அங்கே ஓட்டே இல்லாத மெர்சர்வாசிகள் பார்த்துக்கொண்டிருப்பதும் இதனால்தான். அது யார் பணமோ!) இப்படி எல்லையின் இருபுறமும் உள்ள கவுண்டிகளை ஒப்பிட்டால், விளம்பரம் தந்தது எவ்வளவு, தானாக வந்தது எவ்வளவு என்று பிரித்துவிடலாம்.

அந்த 288-ம் ஊரறிந்த பெயர்கள். புதிதாகத் திறந்த கடைக்கு விளம்பரம் இதைவிட நன்றாகவே வேலை செய்யலாம். ஆனால் செய்ததா என்று அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது.

"எல்லாரும் உங்க விளம்பரத்தைத்தான் பேசுறாங்க" என்பதை நம்பிவிடாதீர்கள். சான் ஃபிரான்சிஸ்கோவின் பெட்ஸ்.காம் 2000 ஜனவரியில் சூப்பர் பவுலில் விளம்பரம் போட்டது. அதன் சாக்ஸ் பொம்மையை நாடே கொஞ்சியது. நவம்பரில் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

கூப்பன் கோடும் முழுச் சாட்சி இல்லை. எப்படியும் வரவிருந்த வாடிக்கையாளரும் அதைச் சொல்லித் தள்ளுபடி வாங்குவார். 2012-ல் சான் ஹோசேயின் ஈபே, தன் பெயரைத் தேடுகிறவர்களுக்குக் காட்டிவந்த இணைய விளம்பரத்தைச் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்தது. வந்துகொண்டிருந்த கிளிக்குகளில் 99.5 சதவீதம் இலவச இணைப்பு வழியாகவே வந்து சேர்ந்தன.

டெக்சஸில் இரண்டு கிளை வைத்திருப்பவர்களுக்கு வழி எளிது. டாலஸ் சந்தை வேறு, ஹூஸ்டன் சந்தை வேறு. ஒன்றில் மட்டும் ஓட்டுங்கள். தீபாவளி இரண்டு ஊருக்கும் ஒரே நாளில்தான் வரும். போன வருஷத்தைவிட எந்தக் கிளை எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். இரண்டும் ஒரே அளவு ஏறியிருந்தால் விளம்பரத்துக்கு அதில் பெரிய பங்கில்லை.

பே ஏரியாவில் ஃப்ரீமான்ட்டும் சன்னிவேலும் ஒரே சந்தை. அங்கே ஸ்ட்ரீமிங் வழி போகும் விளம்பரமாகக் கேளுங்கள், அதை ஜிப் கோடு வாரியாகக் காட்டலாம், நிறுத்தலாம். பில் போடும்போது ஜிப் கோடைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு வாரம் 10 சதவீதம் ஏறி இறங்கும் கடையில், விளம்பரம் தரும் ஒரு சதவீத ஏற்றம் ஒரே வாரத்தில் கண்ணில் படாது. சில மாதமாவது கணக்கு வையுங்கள்.

பாதி ஊரில் காட்டாதீர்கள் என்றால் ஏஜென்ட் முகம் சுளிப்பார். விடாதீர்கள். ஒப்பந்தத்தில் 'தானாகப் புதுப்பிக்கப்படும்' என்ற வரி இருந்தால் அதையும் அடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கணக்கு முடிவதற்குள் பொங்கல் பேக்கேஜுக்கும் உங்கள் கார்டிலிருந்து பணம் போய்விடும்.